வெள்ளச்சிக்கு ஒரு வாரம் லீவு

குழு: அப்பாரு வீடு

*ஜனவரி 13, செவ்வாய்*

யாழினி: பெரியப்பா, நம் வெள்ளச்சி வேன் எனக்கு ஒரு வாரம் வேண்டும். 18 காலை எடுத்து 24 மாலைக்குள் கொண்டுவந்து விடுகிறேன். வால்பாறை போகிறேன். வண்டியிலேயே தூங்கி, வாசலில் சமைத்து, காட்டைப் பார்த்துப் படம் வரையப் போகிறேன். லீவு போட்டாகிவிட்டது.

அம்மா: என்னிடம் ஸ்கூல் டூர் என்று சொன்னாய்

யாழினி: ஸ்கூலுக்கு லீவு என்றுதான் சொன்னேன் அம்மா

பிரியா: வேன் லைஃபா! நானும் வரட்டுமா

சுமதி அத்தை: நீ ஒன்பதாம் மாசம். பேசாமல் இரு

கார்த்தி துபாய்: யூடியூப் பார்த்துக் கெட்ட குடும்பம்

பெரியப்பா: வண்டி தர முடியாது. உடுமலையிலிருந்து ஒரு கோழிப்பண்ணைக்காரர் ஞாயிறு வண்டி பார்க்க வருகிறார்.

சுமதி அத்தை: எதற்குப் பார்க்கிறார்

பெரியப்பா: வாங்கத்தான்

சுமதி அத்தை: யாரைக் கேட்டு

சுமதி அத்தை: அண்ணா, 25ஆம் தேதி பிரியாவுக்குக் கட்டுச்சோறு. ஏழு வகை சோறு, அண்டா, பழத்தட்டு எல்லாம் வெள்ளச்சியில்தான் போகும் என்று கார்த்திகை மாசமே சொன்னேன்

பெரியப்பா: டெம்போ பிடித்துக்கொள்ளலாம்மா. வாடகை நான் தருகிறேன்.

சுமதி அத்தை: வாடகைக்கு வழியில்லாமலா கேட்டேன்

அப்பா: 👍

அம்மா: இவர் எதற்குக் கட்டைவிரல் போட்டார் என்று யாராவது சொல்லுங்கள். பக்கத்து அறையில்தான் இருக்கிறார், கேட்டால் பதில் இல்லை.

கார்த்தி துபாய்: அப்பா, ஆர்.சி. அப்பாரு பேரில்தானே இருக்கிறது? எப்படி விற்பது?

பெரியப்பா: ஆவணியிலேயே என் பேருக்கு மாற்றியாயிற்று. எல்லாரும் கையெழுத்து போட்டீர்கள்.

சுமதி அத்தை: பேர் மாற்றத்தான் போட்டேன். விற்க இல்லை

ராசு மாமா: குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். வண்டி உடைமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரியப்படுத்த வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். மச்சான் அதைச் சரியாகச் செய்துவிட்டார். இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். ஆகவே பெயர் மாற்றியது தப்பில்லை. விற்பது வேறு விஷயம். அதைப் பற்றி நான் கருத்து சொல்லவில்லை.

சுமதி அத்தை: இவ்வளவு எழுதிவிட்டுக் கருத்து சொல்லவில்லையாம்

*ஜனவரி 14, புதன்*

அம்மா: இந்த வருஷம் நமக்குப் பொங்கல் இல்லை, ஆனாலும் பக்கத்து வீட்டில் கரும்பு கொடுத்தார்கள். வாங்கலாமா நங்கை?

சுமதி அத்தை: வாங்கலாம். வைக்கத்தான் கூடாது

பெரியப்பா: கோழிப்பண்ணைக்காரருக்கு இந்த வாரம் வர முடியவில்லையாம். அடுத்த வாரம் என்கிறார்.

யாழினி: அப்போது வண்டி சும்மாதானே நிற்கும் பெரியப்பா? 🙏

பெரியப்பா: ஒரு கீறல் விழுந்தாலும் விலை குறையும்.

கார்த்தி துபாய்: 2008 ஆம்னிக்குக் கீறலால் விலை குறையுமா அப்பா

ராசு மாமா: யாழினி, போவதென்றால் நான் சொல்வதைக் கேள். 22 வருஷம் பொள்ளாச்சி–வால்பாறை தடத்தில் பஸ் ஓட்டியவன் சொல்கிறேன். முதலில் இ-பாஸ். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இருந்த மாதிரியே 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கும் வந்துவிட்டது. வீட்டிலேயே எடுத்துக்கொள், ஆழியாறு செக்போஸ்டில் நின்று சிக்னல் தேடாதே. அதற்கு மேல் 40 கொண்டை ஊசி. ஆம்னியில் இன்ஜின் உன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, வெறும் 796 சிசி. ஏற ஏற உட்காருகிற இடம் சுடும். சுட்டால் பயப்படாதே, ஓரமாக நிறுத்தி ஆறவிடு. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதே. வளைவுக்குள் போய்க் கியரைத் தேடாதே, வளைவுக்கு முன்னாலேயே செகண்டுக்கு வந்துவிடு. மேலே ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவன்தான் வழி விட வேண்டும். அது சட்டமும்கூட.

ராசு மாமா: தொடர்ச்சி. இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று உன் பெரியப்பா சொல்வார். கேட்காதே. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறி, மிதித்தாலும் பிடிக்காது.

பெரியப்பா: நான் எப்போது சொன்னேன்?

சுமதி அத்தை: 2011, பழநி போனபோது

கார்த்தி துபாய்: நான் சாட்சி. அம்மா கந்த சஷ்டி கவசத்தைப் பாதியில் ஆரம்பித்தார்கள்

அம்மா: தனியாகக் காட்டில் எங்கே தூங்குவாய்? குரங்கணியை மறந்துவிட்டாயா? 2018இல் அந்தப் பிள்ளைகள் தீயில் மாட்டியதை டிவியில் பார்த்து நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை

ராசு மாமா: அதற்கும் வழி செய்தாயிற்று. அது ஆனைமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடம். காட்டோரம், ஆற்றோரம், அணையோரம் என்று நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. என் பழைய கண்டக்டர் எஸ்டேட் லைன் வீட்டில்தான் இருக்கிறார். அவர் வாசலில் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். கழிப்பறை, தண்ணீர் எல்லாம் உண்டு. இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல், துணை இல்லாமல் கீழே இறங்கக் கூடாது, சிறுத்தை நடமாட்டம் உள்ள இடம். வண்டிக்குள் அடுப்பு பற்றவைக்கவே கூடாது. குளிர் என்று கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டுப் பற்றவைத்தால் அதிலிருந்து வரும் விஷ வாயுவுக்கு வாசனைகூட இருக்காது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

யாழினி: சரிங்க மாமா. எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

பிரியா: எங்கள் அப்பாவிடம் இவ்வளவு வார்த்தை இருப்பது இன்றுதான் தெரியும்

பெரியப்பா: 24 மாலை 6 மணிக்கு வண்டி என் வாசலில் இருக்க வேண்டும். டேங்க் நிரப்பி.

அப்பா: 👍

*ஜனவரி 18, ஞாயிறு*

யாழினி: [படம்] நடு சீட்டைக் கழற்றி பலகை போட்டாயிற்று. மேலே அப்பத்தாவின் இலவம்பஞ்சு மெத்தை. போல்ட் எல்லாம் டப்பாவில் பத்திரம் பெரியப்பா.

பெரியப்பா: எத்தனை போல்ட்?

யாழினி: எட்டு

பெரியப்பா: சரி

யாழினி: [படம்] ஒன்பதாவது வளைவு. பாறைச் சரிவில் மூன்று வரையாடு. பென்சிலை எடுப்பதற்குள் ஒன்று திரும்பிக்கொண்டது, அதனால் பின்பக்கம் மட்டும் வரைந்தேன்.

கார்த்தி துபாய்: மாநில விலங்கின் பின்பக்கம்

ராசு மாமா: அந்த இடத்துக்கு லோம்ஸ் வியூ என்று பேர். ரோடு போட்ட துரையின் பேர். கீழே ஆழியாறு அணை தெரியும். காலை முதல் டிரிப்பில் பனி இருந்தால் எதுவும் தெரியாது, கண்டக்டர் முன்னால் இறங்கி நடப்பார், நான் அவர் சட்டையைப் பார்த்து ஓட்டுவேன்.

அம்மா: சாப்பிட்டாயா

*ஜனவரி 20, செவ்வாய்*

அம்மா: நேற்று முழுக்க ஒரு மெசேஜ் இல்லை

யாழினி: இங்கே சிக்னல் டீக்கடை வாசலில் மட்டும்தான் அம்மா. நன்றாக இருக்கிறேன். குளிரில் வண்ணம்தான் காயமாட்டேன் என்கிறது. பனி இறங்கினால் தாள் ஈரம் குடித்துக்கொள்கிறது, பச்சை வைத்தால் பக்கத்தில் வைத்த நீலத்தோடு ஓடிப்போய்விடுகிறது. இப்போதெல்லாம் இன்ஜின் மூடி மேல் வைத்துக் காயவைக்கிறேன். வெள்ளச்சியின் சூடு வேலைக்கு ஆகிறது.

யாழினி: டீத்தோட்டம் ஒரே பச்சை என்று நினைத்தேன். கொழுந்துக்கு ஒரு பச்சை, பழைய இலைக்கு ஒரு பச்சை, கவாத்து வெட்டிய பாத்தி வெறும் சாம்பல். சோலைக்காட்டில் துளிர் சிவப்பாகவே வருகிறது. என்னிடம் இருக்கும் 12 வண்ணத்தில் எதுவும் அதற்குச் சரிவரவில்லை.

பெரியப்பா: இன்ஜின் மூடி மேல் தாளை வைத்துவிட்டு அக்கட்டால போகாதே. பற்றிக்கொள்ளும்.

யாழினி: [படம்] இருவாச்சி! பெரிய அத்தி மரத்துக்கு ஜோடியாக வந்தது. பறக்கும்போது இறக்கைச் சத்தம் கரி இன்ஜின் ரயில் மூச்சுவிடுகிற மாதிரி. பார்ப்பதற்கு முன்னால் கேட்டுவிட்டது.

சுமதி அத்தை: மூக்குக்கு மேலே என்ன இன்னொரு மூக்கு

யாழினி: கொண்டை அத்தை. அந்த மஞ்சள் அதன் சொந்த நிறம் இல்லை. வாலுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது, அதில் அலகைத் தேய்த்துத் தேய்த்துப் பூசிக்கொள்கிறது.

அம்மா: மஞ்சள் பூசுகிறதா! நம்ம ஆள்

யாழினி: இன்னொன்று கேளுங்கள். முட்டையிடுகிற காலத்தில் பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு கீறல் அளவுதான் இடைவெளி. மாதக்கணக்கில் அதற்கும் குஞ்சுக்கும் ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும்.

பிரியா: இதை உங்கள் மாப்பிள்ளைக்கு அனுப்பிவிட்டேன்

பிரியா: "என்ன பழம் வேண்டும்" என்று மட்டும் கேட்கிறார்

சுமதி அத்தை: பப்பாளி தவிர எது வேண்டுமானாலும்

கார்த்தி துபாய்: மாப்பிள்ளை பாவம்

ராசு மாமா: அட்டகட்டி பக்கம் இருவாச்சி நிறைய உண்டு. பஸ்ஸில் ஒரு வெளிநாட்டுக்காரர் இதைப் பார்ப்பதற்காகவே வண்டியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தவில்லை. டைம் கீப்பர் திட்டுவார். இன்றைக்கும் அது எனக்கு ஒரு குறைதான்.

*ஜனவரி 21, புதன்*

யாழினி: பெரியப்பா, திட்டக்கூடாது.

பெரியப்பா: கீறலா?

யாழினி: கீறல் இல்லை. புதுத்தோட்டத்தில் சோலைமந்திக் கூட்டத்தை வரைந்துகொண்டிருந்தேன். ஜன்னலில் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் திறந்திருந்தது. அத்தை கொடுத்த முறுக்கு டப்பா போய்விட்டது.

சுமதி அத்தை: மொத்தமுமா

யாழினி: மொத்தமும். மரத்து மேல் உட்கார்ந்து மூடியைத் திருகித் திறந்தது அத்தை. நான் ஒரு மணி நேரமாக வரைய முடியாத முகபாவம் அப்போதுதான் கிடைத்தது. ஆனால் தப்பு என்னுடையது. நம் எண்ணெய்ப் பண்டம் அவற்றுக்கு ஆகாது, ருசி கண்டால் ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபடும். அதற்காகத்தான் அங்கே மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலமே கட்டியிருக்கிறார்கள். டப்பா கீழே விழுந்ததும் எடுத்துக்கொண்டேன்.

கார்த்தி துபாய்: அத்தை முறுக்கைக் கடித்ததா? பல் இருக்கிறதா பாருங்கள்

சுமதி அத்தை: கார்த்தி, துபாய்க்குப் பார்சல் இனிமேல் வராது

*ஜனவரி 22, வியாழன்*

யாழினி: [படம்] இன்று நிறாறு பக்கம். மேலே மூங்கில், கீழே கண்டக்டர் ஐயா வீட்டுச் சேவல். நேற்று இரவு யானை நடமாட்டம் என்று எல்லார் போனுக்கும் மெசேஜ் வந்தது, முக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டிக்குள்ளேயே கிடந்தேன்.

அம்மா: யானையா!!!

அம்மா: நாளைக்கே கிளம்பி வா

அப்பா: சேவல் நன்றாக இருக்கிறது

கார்த்தி துபாய்: சித்தப்பா பேசினார்!

பிரியா: ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்

சுமதி அத்தை: யாழினி, அந்தப் படத்துக்கு அடியில் கிடக்கிற நோட்டு என்ன

யாழினி: அது டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்தது அத்தை. அப்பாருவின் பெட்ரோல் கணக்கு. 2008இலிருந்து லிட்டர், கிலோமீட்டர் எல்லாம் எழுதியிருக்கிறார். தாள் பறக்காமல் இருக்க அடியில் வைத்தேன்.

சுமதி அத்தை: பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் "சுமதி அட்டிகை" என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் சேவல் வால் மறைக்கிறது

சுமதி அத்தை: அந்தப் பக்கத்தை முழுசாக எடுத்து அனுப்பு கண்ணு

யாழினி: [படம்]

யாழினி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரியா: நான் பார்த்துவிட்டேன்

சுமதி அத்தை: நானும் பார்த்துவிட்டேன். "சுமதி அட்டிகை 22,000. வண்டிக்குக் கட்டியது. திருப்ப வேண்டும்." அப்பா கையெழுத்து

சுமதி அத்தை: 18 வருஷமாக நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை

ராசு மாமா: சுமதி, குழுவில் வேண்டாம்

சுமதி அத்தை: குழுவில்தான் வேண்டும்

பெரியப்பா: அப்பா அப்போதே திருப்பிக் கொடுத்தார் என்றுதான் என்னிடம் சொன்னார்.

சுமதி அத்தை: யாரிடம் கொடுத்தார்? என் கழுத்தைப் பாருங்கள்

அம்மா: நங்கை, கட்டுச்சோறுக்குப் புளிசாதம் நான் கிளறிக்கொண்டு வரவா? எத்தனை படி?

சுமதி அத்தை: மூன்று படி

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: நாளைக்குப் போன் பண்ணுகிறேன் சுமதி.

அப்பா: 👍

யாழினி: மன்னிச்சிருங்க பெரியப்பா. சேவலை மட்டும்தான் பார்த்தேன்.

*ஜனவரி 24, சனி*

ராசு மாமா: எங்கே வந்திருக்கிறாய்?

யாழினி: ஆழியாறு வந்தாயிற்று மாமா. 40 வளைவும் செகண்டிலேயே இறக்கினேன். ஏறி வந்த பஸ்ஸுக்கு இரண்டு முறை வழி விட்டேன், டிரைவர் கை காட்டினார். மொத்தம் 31 படம். அதில் நன்றாக வந்தது நாலு.

ராசு மாமா: கை காட்டினாரா. நல்லது.

ராசு மாமா: எந்த டிப்போ பஸ்?

பெரியப்பா: கோழிப்பண்ணைக்காரர் திங்கள் வருகிறேன் என்கிறார். கட்டுச்சோறு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

சுமதி அத்தை: முடிந்த பிறகு?

பெரியப்பா: பேசுவோம்

கார்த்தி துபாய்: நானே வாங்கிக்கொள்ளட்டுமா

சுமதி அத்தை: நீ துபாயில் எந்தக் கொண்டை ஊசியில் ஓட்டுவாய்

பிரியா: யாழினி, அந்த இருவாச்சிப் படம் எனக்கு. தொட்டிலுக்கு மேலே மாட்டப் போகிறேன்

சுமதி அத்தை: யாழினி, மெத்தையை எடுத்துவிட்டு சாம்பிராணி காட்டு. நாளைக்குச் சோறு போகிற வண்டி. குரங்கு கை வைத்தது வேறு

பெரியப்பா: எட்டு போல்ட்?

யாழினி: ஏழு இருக்கிறது பெரியப்பா. இன்னொன்று மெத்தைக்கு அடியில் இருக்கும். தேடுகிறேன்.

பெரியப்பா: அந்த நோட்டு?

சுமதி அத்தை: நோட்டு என்னிடம் வரட்டும்

பெரியப்பா: என் வாசலுக்குத்தானே வண்டி வருகிறது

யாழினி: சிக்னல் போகிறது

அம்மா: ஆழியாறு தாண்டினால் முழு சிக்னல் இருக்குமே