வெள்ளவத்தையில் குட்டி போட்ட தெருநாய்: காப்பகம் எடுக்குமா?

கேள்வி – ஒழுங்கைவாசி
எங்கட தொடர்மாடி பார்க்கிங்குக்குள்ள ஒரு தெருநாய் ஐஞ்சு குட்டி போட்டிருக்கு. குட்டியளுக்கு இப்பதான் கண் திறக்குது. கிட்டப் போனா தாய் உறுமுது. "ஷெல்டருக்கு ஏத்தி அனுப்புங்கோ" எண்டு குடியிருப்பாளர் சங்கம் நெருக்குது. காப்பகம் எடுக்குமா? எடுக்காட்டி என்ன செய்யிறது?

பதில் – தெஹிவளைத் தொண்டர்
சுகமா இருக்கிற தாயையும் பால்குடிக் குட்டியளையும் நல்ல காப்பகம் லேசில எடுக்காது. இரக்கமில்லாம இல்லை. ஊர்ப்பட்ட நாய்கள் வந்துபோற இடத்தில ஊசி போடாத குட்டியை விட்டா பார்வோ எண்ட வயித்தோட்ட வைரஸ் நோய் பிடிக்கும், அதோட முழுக்குட்டியும் போயிடும். அங்க உள்ள கூடு அடிபட்டதுக்கும், சொறி முத்தினதுக்கும், வீட்டில வளர்ந்து தெருவில கைவிடப்பட்டதுக்கும்தான்.

தாயை எங்கயாவது கொண்டுபோய் விடுற யோசனையும் வேண்டாம். குப்பையும் மிச்சச் சோறும் கிடக்கிற வரைக்கும் அந்த இடத்துக்கு வேற நாய் வரும். அதுக்கு ஊசி போட்டிருக்காது. இலங்கையில தெருநாயைப் பிடிச்சுக் கொல்லுறது 2006இல் நிறுத்தப்பட்டது. இப்ப வழி, கருத்தடை செய்து நீர்வெறுப்பு ஊசி போட்டு, பிடிச்ச ஒழுங்கையிலேயே திருப்பி விடுறது. ஒரு பகுதியில 70 வீதமான நாய்களுக்கு ஊசி ஏறினா நோய் பரவுறது அறுந்துபோகும். காப்பகம் ஊருக்குச் செய்யிற பெரிய உதவி இதுதான், கூட்டில எத்தனை நாய் இருக்கு எண்டதில்லை.

ஆகவே காப்பகத்திட்ட "எடுங்கோ" எண்டு கேக்காதேங்கோ. "கருத்தடைக்கு எப்ப திகதி தருவியள்?" எண்டு கேளுங்கோ. குட்டியள் பால் மறந்து, தாயின்ர மடி வத்தின பிறகு, அதாவது குட்டிக்குப் பத்துக் கிழமை அளவில செய்யலாம். மடி வீங்கியிருக்கேக்க வெட்டினா காயம் ஆறுறது கஷ்டம். அதுக்காக ஒத்திப்போடவும் கூடாது. திரும்பச் சினைப்பட்டா 63 நாளில அடுத்த ஈத்து. நீர்வெறுப்பு ஊசி மட்டும் பால் குடுக்கேக்கயே போடலாம்.

பதில் – மருந்துப்பெட்டி
குட்டியளுக்கு வயித்துப்பூச்சி மருந்து ரெண்டாவது கிழமையில தொடங்கி, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா. நிறையைப் பார்த்துத்தான் அளவு, கண்மட்டத்துக்கு ஊத்தாதேங்கோ. பார்வோ ஊசி 6–8 கிழமையில தொடங்கி, 16 கிழமை ஆகும்வரை 3–4 கிழமைக்கு ஒருக்கா. ஒரு ஊசியோட நிப்பாட்டுறதுதான் வழமையான பிழை: தாய்ப்பாலில வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை வேலை செய்ய விடாது.

பார்வோ கிருமி சவர்க்காரத்துக்கும் ஸ்பிரிட்டுக்கும் சாகாது. முதல்ல மலத்தை வழிச்சுத் தேய்ச்சுக் கழுவுங்கோ. பிறகு வீட்டுக் குளோரின் பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணி விட்டு, பத்து நிமிஷம் ஈரமா விடுங்கோ. ஊத்தைக்கு மேலேயே பிளீச் ஊத்தினா பிளீச் வீண்.

ஆரையாவது கடிச்சா, பிறாண்டினா, காயத்தை ஓடுற தண்ணியில சவர்க்காரம் போட்டு 15 நிமிஷம் கழுவிப்போட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. குட்டி பிறாண்டினதுக்கும் இதேதான்.

கேள்வி – ஒழுங்கைவாசி
நன்றி. சங்கத்துக்கு இதையே வாசிச்சுக் காட்டுறன். செக்கியூரிட்டி ஐயா குட்டியளுக்குப் பால்மா கரைச்சு வைக்கிறார், பரவாயில்லையா?

பதில் – மருந்துப்பெட்டி
வேண்டாம், வயித்தால போகும். சாப்பாட்டைத் தாய்க்குக் குடுக்கச் சொல்லுங்கோ: சோறும் முள்ளெடுத்த அவிச்ச மீனும், உப்பு, மிளகாய்த்தூள் இல்லாம, வழமையைவிட ரெண்டு மூண்டு மடங்கு. நாலாம் கிழமையில அதையே மசிச்சுக் குட்டியளுக்குப் பழக்கலாம்.

பதில் – கொட்டாஞ்சேனை
எட்டுக் கிழமைக்கு முதல் ஒரு குட்டியையும் பிரிச்சுக் குடுக்காதேங்கோ. பெட்டைக் குட்டியளைத்தான் ஆரும் எடுக்கமாட்டினம், பிறகு அதுகள்தான் ஒழுங்கையில தங்கும். அதால கருத்தடை செய்து தாறம் எண்டு சொல்லித்தான் ஆள் தேடவேணும். காப்பகத்தின்ர தத்தெடுப்பு நாளுக்குப் படம் அனுப்புங்கோ; குட்டி உங்களிட்ட இருந்தாலும் சில இடங்கள் பட்டியலில போடும். எடுக்க வாறவரிட்ட முதல்ல கேக்கவேண்டியது, வாடகை வீடெண்டா வீட்டுக்காரர் சம்மதமா எண்டு. திரும்பி வாற நாய்களில கனக்க இந்த ஒரு கேள்வி கேக்காததாலதான்.