புதுப்பிப்பு: ‘குட்டி சுனாமி’ கதை என்ன ஆச்சு?

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன் இல்லையா, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அறிவியல் கதை எழுதச் சொன்னால் வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே இறக்கிவிடுகிறார்கள் என்று, அதன் தொடர்ச்சி இது. குளச்சல் பக்கத்துப் பையன் ஒருவன், காற்றே இல்லாத நாளில் கடல் ஊருக்குள் ஏறுவதாக எழுதி, காரணம் ‘குட்டி சுனாமி’ என்று போட்டிருந்தான். ஆதாரம் கேட்டால் மூன்று இணையதளங்களைக் காட்டினான். மூன்றிலும் ஒரே பத்தி, ‘அலைகள்’ என்பது மூன்றிலும் ‘அலைகல்’! மூன்று சாட்சி இல்லடா, ஒரே ஆளை மூன்று தடவை கேட்டிருக்கிறாய் என்றேன், வகுப்பே சிரித்தது.

அப்புறம் நீங்கள் சொன்னபடி, ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் விளக்கத்தைத் தேடிப் படித்தார்கள். 2004 சுனாமி சுமத்ரா அருகே கடலடி நிலநடுக்கத்தில் பிறந்தது. இவன் கதையில் கடல் ஏறுவதற்குக் காரணமோ தெற்கே வெகுதொலைவில் புயல்காற்று எழுப்பும் நீண்ட அலைகள், நாள்கணக்கில் பயணித்து நம் கரைக்கு வருவது. இப்படிக் கடல் ஏறுவதற்குக் ‘கள்ளக்கடல்’ என்ற பெயரை அவனுடைய பாட்டாவே சொன்னாராம், காரணம் மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அவரையும் ஆதாரமாகப் போடலாமா சார் என்று கேட்டான். தாராளமாகப் போடு, பெயருக்கும் கண்ணால் பார்த்ததற்கும் அவர், காரணத்துக்கு இன்காய்ஸ் என்றேன்.

குட்டி சுனாமி போய்விட்டது. கடைசிப் பக்கத்தில் ஒரு திமிங்கலம் பேசுகிறது, அதை மட்டும் அவன் விடுவதாக இல்லை.