புதுப்பிப்பு: ப்ளூஸ் விரலுக்கு மெட்டல் சோலோ வந்ததா?

கிட்டாரில் ப்ளூஸ் இசை சுமாராக வருகிறது, மெட்டல் சோலோ (ஹெவி மெட்டல் பாட்டில் வரும் தனி வாசிப்பு) எடுத்தால் மட்டும் சவசவ என்று இருக்கிறது என்று போன மாசம் இங்கே புலம்பியிருந்தேன். இப்போது பாதிக் கிணறு தாண்டியாச்சு.

ஸ்கேலை, அதாவது சுர வரிசையைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. ஏ மைனர் பென்டடோனிக் என்ற ஐந்து சுர ஸ்கேல் நம்ம சுத்த தன்யாசி ராகம்தான். அதில் பி, எஃப் என்ற இரண்டு சுரங்களையும் சேர்த்தால் நேச்சுரல் மைனர், அதாவது நடபைரவி. அப்புறம் ஜி-யை ஜி ஷார்ப் ஆக்கினால் ஹார்மோனிக் மைனர், நம்ம கீரவாணி. பாளையங்கோட்டையில் பாட்டு கிளாஸ் போன அக்காவுக்கு உடனே புரிந்தது. எனக்கு 3 வாரம்.

ஆனால் உண்மையான சிக்கல் சுரத்தில் இல்லை, வலது கையில். ஆம்ப்ளிஃபயரில் ஒலியைக் கரகரப்பாக்கும் கெயினைக் கூட்டினால் தொடாத கம்பியும் கத்துகிறது. உள்ளங்கை ஓரத்தால் தடித்த கம்பிகளை அமுக்கி, இடது ஆள்காட்டி விரலால் மெல்லிய கம்பிகளை லேசாகத் தொட்டு வைத்த பிறகுதான் அடங்கியது. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 70 தட்டில் வைத்து, கம்பியை மீட்டும் பிக்கால் மேலும் கீழுமாக அடிக்கத் தொடங்கினேன், இப்போது 104. 110-ல் கை கல்லாகிவிடுகிறது.

கம்பியை வளைக்கும் பெண்ட், சுரத்தை அசைக்கும் வைப்ரேட்டோ இரண்டையும் ப்ளூஸில் வாசித்தபடியே வைத்திருக்கிறேன், மாற்றவில்லை. மெட்டல் இசைக்குழுவான பிளாக் சபாத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமியே ப்ளூஸிலிருந்து வந்தவர்தானே.

மாடி வீட்டு ஆச்சி மட்டும், "முன்ன வாசிச்சதே நல்லாருந்துச்சுல" என்கிறார்.