சேம்பர்லின் வாக்கெடுப்பில் ஜெயித்தாரா, தோற்றாரா? சர்ச்சில் 1940–45: சில குழப்பங்கள்

வைகைக்கரையான் (கேள்வி):

1940-இல் சேம்பர்லின் விலகி, சர்ச்சில் பிரிட்டிஷ் பிரதமரான விதம் பற்றித் தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். ‘நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் சேம்பர்லின் தோற்றார்’ என்கிறது ஒரு புத்தகம். ‘ஜெயித்தும் விலகினார்’ என்கிறது இன்னொன்று. ‘மக்கள் சர்ச்சிலைத் தேர்ந்தெடுத்தார்கள்’ என்று கூடப் போட்டிருக்கிறது. எது சரி? அப்போது வரிசையில் முன்னால் நின்றவர் வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் என்றால், அவர் ஏன் ஆகவில்லை? 1935-க்குப் பிறகு 1945 வரை பொதுத்தேர்தலே நடக்கவில்லையே, அது சட்டப்படி எப்படிச் சாத்தியம்? கடைசியாக, போரில் ஜெயித்தவர் இரண்டே மாதத்தில் தேர்தலில் தோற்றது எப்படி? தேதியும் எண்ணிக்கையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏட்டுப்புழு:

முதல் கேள்விக்கு: சேம்பர்லின் வாக்கெடுப்பில் ஜெயித்தார், 281-க்கு 200. அது நம்பிக்கையில்லாத் தீர்மானமும் இல்லை. ‘சபை இப்போது ஒத்திவைக்கப்படட்டும்’ என்ற ஒத்திவைப்புத் தீர்மானம். கொண்டுவந்ததே அரசுத் தரப்பு.

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்தது. அதற்கு ஐந்து நாள் முன்புதான் ‘ஹிட்லர் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார்’ என்று சேம்பர்லின் பேசியிருந்தார். மத்திய நார்வேயில் இறங்கிய பிரிட்டிஷ் படை மே முதல் வாரத்திலேயே கப்பலேறித் திரும்ப வேண்டியதாயிற்று. இதைப் பற்றி மே 7, 8 இரண்டு நாளும் காமன்ஸ் சபையில் (நாடாளுமன்றத்தின் கீழவை) விவாதம். ஒத்திவைப்புத் தீர்மானம் என்பது எதைப் பற்றியும் பேசுவதற்கான ஒரு வசதி, அவ்வளவுதான். வழக்கமாக அதில் வாக்கெடுப்பே நடக்காது. எதிர்க்கட்சியான தொழிற்கட்சியும் முதல்நாள் தயங்கியது. நேரடியாகக் கண்டனத் தீர்மானம் கொடுத்தால் ஆளும் கன்சர்வேடிவ் கட்சியின் அதிருப்தியாளர்கள் கூடக் கட்சி மானத்துக்காக அரசுப் பக்கம் போய்விடுவார்கள் என்ற பயம். முதல்நாள் பேச்சுகளைக் கேட்ட பிறகே துணிந்தார்கள். வாக்கெடுப்பு கேட்கப்போவதாக 8-ஆம் தேதி தொழிற்கட்சியின் ஹெர்பர்ட் மாரிசன் அறிவித்தார்.

அங்கே சேம்பர்லின் செய்த தவறுதான் பெரியது. எழுந்து, இந்தச் சபையில் எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எனக்கு ஆதரவளிக்க வேண்டும் என்றார். நாடு அழிவின் விளிம்பில் நிற்கும்போது சொந்த நட்பைக் காட்டி ஓட்டு கேட்டதாக அது எடுத்துக்கொள்ளப்பட்டது. லாயிட் ஜார்ஜ் (முதல் உலகப்போரின் பிரதமர், அப்போது 77 வயது) அதைப் பிடித்துக்கொண்டு கிழித்தார்.

அந்த அரசுக்குச் சபையில் 200-க்கும் மேல் பெரும்பான்மை உண்டு. அன்று அது 81 ஆனது. ஆளுங்கூட்டணியில் சுமார் 40 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். இன்னும் பலர் ஓட்டே போடவில்லை. இந்த எண்கள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுவதற்குக் காரணம் இருக்கிறது. காமன்ஸில் உறுப்பினர்கள் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு தாழ்வாரங்கள் வழியாக நடந்துபோக, எண்ணுவார்கள். ‘நடுநிலை’ என்று பதிவதற்கு வழியில்லை. வேண்டுமென்றே ஒதுங்கியவர், காய்ச்சலில் படுத்தவர், பட்டாளத்தில் இருந்தவர் எல்லாரும் ஒரே மாதிரி ‘வராதவர்’தான். அதனால் ‘இத்தனை பேர் விலகி நின்றார்கள்’ என்று துல்லியமாக எழுதியிருந்தால் சந்தேகத்தோடு பாருங்கள்.

இதில் வேடிக்கை, நார்வே நடவடிக்கையில் பெரும்பங்கு கடற்படையுடையது; கடற்படை அமைச்சர் சர்ச்சில். அரசுக்காக விவாதத்தை முடித்துவைத்துப் பேசியவரும் அவரே. சகாக்கள் மேல் சிதறல் படாமலிருக்கத் தன்னைக் குண்டுவீச்சுப் பதுங்குமிடமாக மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று லாயிட் ஜார்ஜ் அவரை எச்சரித்தது அதனால்தான்.

தென்கரைத் தமிழன்:

ஹாலிஃபாக்ஸ் யாரென்று முதலில் சொல்லிவிட வேண்டும். நம் ஊர்ப் பாடப்புத்தகத்தில் வரும் இர்வின் பிரபுவேதான். 1926 முதல் 1931 வரை வைஸ்ராய், காந்தி–இர்வின் ஒப்பந்தத்தின் மறுபாதி. அந்தப் பேச்சுவார்த்தையைத்தான் சர்ச்சில் ‘அரை நிர்வாணப் பக்கிரி’ என்று காந்தியை ஏசிக் கண்டித்தார். இந்தியாவுக்குச் சலுகை தருவதை எதிர்த்து அதே ஆண்டு கட்சித் தலைமைக் குழுவிலிருந்தும் விலகினார். 1940-இல் ஒரே நாற்காலிக்கு எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் இந்த இருவரும்.

மே 9 மாலை சேம்பர்லின், ஹாலிஃபாக்ஸ், சர்ச்சில், தலைமைக் கொறடா மார்கெசன் நால்வரும் பேசினார்கள். சர்ச்சில் தன் போர் நினைவுகளில் இதை மே 10 காலை என்று எழுதியிருக்கிறார், நாள் தவறு. தமிழ்ப் புத்தகங்கள் பலவும் அவரைப் பார்த்து எழுதியதால் அந்தப் பிழையும் கூடவே வந்திருக்கிறது.

ஹாலிஃபாக்ஸ் சொன்ன காரணம், தான் பிரபுக்கள் சபைக்காரர் (மேலவை உறுப்பினர்) என்பது. காமன்ஸில் உட்காராத பிரதமரால் சபையை நடத்த முடியாது. சால்ஸ்பரி பிரபு 1902-இல் விலகிய பிறகு அதுவரை எந்தப் பிரபுவும் பிரதமரானதில்லை. 1923-இல் கர்சனுக்குப் பதவி கைநழுவியதற்குச் சொல்லப்பட்டதும் இதே காரணம். ஆனால் 1940-இல் இது தாண்ட முடியாத தடையல்ல. அவர் பிரபுப் பட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாமே என்று மன்னர் ஆறாம் ஜார்ஜே யோசனை சொன்னார். மன்னரின் விருப்பம் ஹாலிஃபாக்ஸ்; சேம்பர்லினின் விருப்பமும் அவரே. தொழிற்கட்சியில் ஹியூ டால்டன் போன்றோருக்கும் அவர்மேல்தான் நாட்டம். என் கணிப்பு: சர்ச்சில் பாதுகாப்பை முழுக்கக் கையில் வைத்துக்கொள்வார், தான் பெயருக்குப் பிரதமராக இருக்க நேரும் என்று ஹாலிஃபாக்ஸுக்குப் புரிந்துவிட்டது. அன்றைய நாட்குறிப்பில் வயிற்று வலி என்று குறித்திருக்கிறார் மனிதர்!

மறுநாள் விடிவதற்குள் ஜெர்மனி ஹாலந்து, பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. இந்த நெருக்கடியில் விலகலாமா என்று சேம்பர்லின் பின்வாங்கப் பார்த்தார். அவருக்கு நெருங்கிய அமைச்சரான கிங்ஸ்லி உட், அதனால்தான் விலக வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். மாலை, கட்சி மாநாட்டுக்காகக் கூடியிருந்த போர்ன்மத்திலிருந்து தொழிற்கட்சியின் பதில் தொலைபேசியில் வந்தது: கூட்டணி அரசில் சேருவோம், ஆனால் சேம்பர்லினுக்குக் கீழே முடியாது. கதை முடிந்தது. மன்னர் சர்ச்சிலை அழைத்தார். ஆக, ‘மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்’ என்பது சுத்தத் தவறு. கட்சி கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. கன்சர்வேடிவ் கட்சித் தலைவராக அக்டோபர் வரை சேம்பர்லினே இருந்தார். மே 13 அன்று சபைக்குள் வந்தபோது சர்ச்சிலைவிட அவருக்குத்தான் ஆரவாரம் அதிகம். புற்றுநோய் முற்றி அவர் விலகிய பிறகே, அக்டோபர் 9 அன்று, கட்சி சர்ச்சில் கைக்கு வந்தது. நவம்பர் 9 அன்று சேம்பர்லின் இறந்தார்.

கல்வெட்டு_காதலன்:

தேர்தல் ஒத்திப்போன விவகாரம் எளிது. 1911-இன் நாடாளுமன்றச் சட்டப்படி ஒரு நாடாளுமன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு. 1935 நவம்பரில் தேர்ந்தெடுத்தது 1940 நவம்பரில் முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓராண்டு என்று 1940 முதல் 1944 வரை ஐந்து தடவை தனிச்சட்டம் போட்டு நீட்டினார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிரபுக்கள் சபைக்கு முழுத் தடையதிகாரம் உண்டு. காமன்ஸ் தன் ஆயுளைத் தானே நீட்டிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக 1911-லேயே வைத்த பூட்டு அது.

இடைத்தேர்தல்கள் நடந்தன. ஆனால் எந்தக் கட்சியின் இடம் காலியாகிறதோ அந்தக் கட்சிக்கே விட்டுவிடுவது என்று மூன்று பெரிய கட்சிகளும் 1939 செப்டம்பரிலேயே ஒப்பந்தம் செய்துகொண்டன. சுயேச்சைகளையும் புதுக்கட்சிகளையும் அது கட்டுப்படுத்தவில்லை. 1942-இல் தொடங்கிய காமன்வெல்த் கட்சி எடிஸ்பரி (1943), ஸ்கிப்டன் (1944), செம்ஸ்ஃபோர்ட் (1945) மூன்றையும் பிடித்தது. 1945 முடிவு திடீரென்று வந்ததல்ல என்பதற்கு இவைதான் சாட்சி.

மாடத்தெரு மணி:

தேர்தலும் இல்லை, எதிர்க்கட்சியும் அரசுக்குள்ளே. அப்படியானால் ஐந்து வருடம் சர்ச்சில் வைத்ததுதானே சட்டம்? போதாக்குறைக்குப் பாதுகாப்பு அமைச்சர் பதவியையும் தானே வைத்துக்கொண்டார்.

ஏட்டுப்புழு:

பாதி சரி. பாதுகாப்பு அமைச்சர் என்று பட்டம் வைத்துக்கொண்டார், ஆனால் அதற்கென்று ஓர் அமைச்சகமே கிடையாது. அதிகாரம் இன்னதென்று எந்தச் சட்டமும் வரையறுக்கவில்லை. ராணுவ அதிகாரி இஸ்மே தலைமையில் ஒரு சிறு ராணுவச் செயலகம், அவ்வளவே. தந்திரம் வேறிடத்தில் இருந்தது. தரை, கடல், வான் மூன்று படைகளின் அமைச்சர்களையும் ஐவர் கொண்ட போர் அமைச்சரவைக்கு வெளியே வைத்துவிட்டார். படைத்தளபதிகளோடு நேரடியாகப் பேச நடுவில் ஆளில்லை. முதல் போர் அமைச்சரவையின் ஐவர்: சர்ச்சில், சேம்பர்லின், ஹாலிஃபாக்ஸ், தொழிற்கட்சியின் அட்லி, கிரீன்வுட்.

ஆனால் சபை அவரைச் சும்மா விடவில்லை. 1942 ஜனவரியில் அவரே நம்பிக்கை வாக்குக் கேட்டார்: 464-க்கு 1. அந்த ஒன்றைப் போட்டவர் சுயேச்சைத் தொழிற்கட்சியின் மாக்ஸ்டன். சபையில் அக்கட்சிக்கு இருந்ததே மூன்று பேர். மற்ற இருவரும் ஓட்டுகளை எண்ணும் எண்ணுநர்களாக நின்றார்கள், எண்ணுநர் ஓட்டு கணக்கில் வராது. வட ஆப்பிரிக்காவில் டோப்ருக் கோட்டை எதிரியிடம் விழுந்த பிறகு, ஜூலையில், உண்மையான கண்டனத் தீர்மானமே வந்தது. கொண்டுவந்த வார்ட்லா-மில்ன், நடுவில் மன்னரின் தம்பி குளஸ்டர் கோமகனைத் தலைமைத் தளபதியாக்கலாம் என்று சொல்ல, சபையே சிரித்துவிட்டது. அவர் வாதம், சர்ச்சில் தளபதிகள் வேலையில் அதிகம் தலையிடுகிறார் என்பது. வழிமொழிந்த அட்மிரல் கீஸின் வாதமோ தலையீடு போதவில்லை என்பது. 475-க்கு 25-இல் தோற்றது.

ஒரே ஒரு முறை அரசு தோற்றது. 1944 மார்ச், கல்வி மசோதா, ஆசிரியைகளுக்குச் சம ஊதியம் என்ற திருத்தம்: 117-க்கு 116. சர்ச்சில் அதையே நம்பிக்கை வாக்காக்கி மறுபடி ஓட்டெடுக்கவைத்து 425-க்கு 23 என்று மாற்றினார். சம ஊதியம் போயிற்று. இங்கே நீங்கள் சொல்வது பொருந்தும்.

தென்கரைத் தமிழன்:

1945 தேர்தல் பற்றி. ஜப்பான் தோற்கும்வரை கூட்டணி தொடரட்டும் என்றார் சர்ச்சில். பிளாக்பூல் மாநாட்டில் தொழிற்கட்சி மறுத்தது. மே 23 அன்று கூட்டணி கலைந்து, பெரும்பாலும் கன்சர்வேடிவ்களைக் கொண்ட காபந்து அரசு வந்தது. ஜூலை 5 வாக்குப்பதிவு. உள்ளூர் விடுமுறை வாரம் என்பதால் சில தொகுதிகளில் மட்டும் பிற்பாடு. வெளிநாட்டில் இருந்த படையினரின் ஓட்டு வந்துசேர மூன்று வாரம் விட்டு, ஜூலை 26 அன்று எண்ணினார்கள். படையினர் போட்டது சுமார் 17 லட்சம் ஓட்டு.

640 இடங்களில் தொழிற்கட்சி 393. கன்சர்வேடிவ் 197, கூட்டாளிகளைச் சேர்த்தால் 213. லிபரல் 12. ஓட்டு விகிதம் சுமார் 48-க்கு 40. எட்டு சதவிகித வித்தியாசத்தை இந்த அளவுக்குப் பெருக்கியது, அதிக ஓட்டு வாங்கியவருக்கே தொகுதி என்ற முறை. அதே முறை 1951-இல் திரும்பிக் கடித்தது: அப்போது தொழிற்கட்சிக்கு ஓட்டு அதிகம், ஆட்சி சர்ச்சிலுக்கு.

‘நன்றி கெட்ட மக்கள்’ என்று சிலர் எழுதுவது அபத்தம். 1945 மே மாத கேலப் கருத்துக்கணிப்பில் சர்ச்சிலின் செயல்பாட்டுக்கு 83 சதவிகிதம் ஆதரவு. அதே கேலப் 1943-இலிருந்தே கட்சி என்று கேட்டால் தொழிற்கட்சி முன்னணி என்று காட்டியது, யாரும் பொருட்படுத்தவில்லை. மக்கள் கையில் இருந்த சீட்டு ‘சர்ச்சில் நல்லவரா’ என்று கேட்கவில்லை. 1930-களின் வேலையின்மைக்குப் பொறுப்பான கட்சி மறுபடி வேண்டுமா என்று கேட்டது. வீட்டுப் பற்றாக்குறைதான் வாக்காளருக்கு முதல் பிரச்சினை. 1942 டிசம்பரில் வந்த பெவரிட்ஜ் அறிக்கை, பிறப்பு முதல் இறப்பு வரை சமூகக் காப்பு என்றது. சர்ச்சில் போர் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். உள்நாட்டு நிர்வாகத்தைப் போர்க்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டவர்கள் தொழிற்கட்சியின் பெவின், மாரிசன், அட்லி. இவர்களுக்கு ஆளத் தெரியாது என்ற பழைய வாதம் அதனால் எடுபடவில்லை.

இதற்குமேல் ஜூன் 4 வானொலிப் பேச்சு. சோஷலிச அரசு ஏதோ ஒரு வகை கெஸ்டபோ (நாஜிகளின் ரகசியப் போலீஸ்) இல்லாமல் நடக்காது என்றார். ஐந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவர்களைப் பற்றி! மறுநாள் அட்லி குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்: போர்த்தலைவர் சர்ச்சிலுக்கும் கட்சித்தலைவர் சர்ச்சிலுக்கும் உள்ள வித்தியாசத்தை அவரே காட்டிவிட்டார் என்று.

சர்ச்சிலின் சொந்தத் தொகுதி உட்ஃபோர்டில் தொழிற்கட்சியும் லிபரலும் மரியாதைக்காக ஆளே நிறுத்தவில்லை. அப்படியும் பெயர் தெரியாத ஒரு சுயேச்சைக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது.

வைகைக்கரையான்:

தெளிவாகிவிட்டது. ஒரு சின்ன சந்தேகம்: அட்லியை 1940 முதலே துணைப் பிரதமர் என்று போடலாமா? நார்வே விவாதத்தில் பழைய ஆட்சியாளர் கிராம்வெல்லை மேற்கோள் காட்டியவர் பிற்பாடு இந்திய விவகார அமைச்சரானாரா?

கல்வெட்டு_காதலன்:

அட்லி 1940-இல் முத்திரை அமைச்சர் (Lord Privy Seal). ‘துணைப் பிரதமர்’ என்ற பட்டம் 1942 பிப்ரவரியில்தான் வந்தது. ஆனால் சர்ச்சில் வெளிநாடு போனபோதெல்லாம் அமைச்சரவைக்குத் தலைமை தாங்கியவர் அவரே. போர் அமைச்சரவையில் முதல்நாள் முதல் கடைசிவரை இருந்தவர்கள் சர்ச்சில், அட்லி இருவர் மட்டும். 1915-இல் சர்ச்சிலின் பதவியைப் பறித்த, துருக்கிக்கு எதிரான கலிப்பொலிப் போரில் அட்லி படை அதிகாரியாக இருந்தார். சுவ்லா வளைகுடாவிலிருந்து கடைசியாக வெளியேறியவர்களில் ஒருவர்.

கிராம்வெல்லின் ‘கடவுளின் பெயரால், போய்விடுங்கள்’ என்பதைச் சேம்பர்லின் முகத்துக்கு எதிரே சொன்னவர் லியோ ஏமரி, ஆம், அவர்தான். பிறந்தது கோரக்பூரில். 1940 மே முதல் 1945 வரை இந்திய அமைச்சர். 1943 வங்கப் பஞ்சத்தில் தானியம் அனுப்பச் சொல்லி அமைச்சரவையில் வாதாடினார். கப்பல் இல்லை என்று பெரும்பகுதி மறுக்கப்பட்டது. 1945-இல் பர்மிங்ஹாமின் ஸ்பார்க்புரூக்கில் தோற்றார். அங்கே அவரை எதிர்த்து நின்றவர்களில் கம்யூனிஸ்ட் ரஜனி பாமி தத்தும் ஒருவர், ஜெயித்தது தொழிற்கட்சி.