50 மீட்டர் ஆழத்துக்கு எந்த சைட் ஸ்கேன் சோனார் சரிவரும்?

அண்ணாமார், மட்டக்களப்புக் கடலில் 50 மீட்டர் ஆழத்தில் ஒரே இடத்தில் வலை சிக்கிக் கிழியுது. கீழே கப்பல் கிடக்குதா என்று சைட் ஸ்கேன் சோனாரால் (ஒலி அலை அனுப்பி இரண்டு பக்கத்துக் கடல்தரையையும் படமாகக் காட்டுற கருவி) மூன்று கிழமையாகத் தேடுறன்.

19 அடி ஃபைபர் படகு, 12 வோல்ட் பேட்டரி, பின்பலகையில் பூட்டின 455/800 கிலோஹெர்ட்ஸ் சைட் இமேஜிங் சோனார். இதுதான் என்னட்ட இருக்கு. 1942இல் மூழ்கின 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்ற கப்பல் 25 மீட்டர் ஆழத்தில்தான் கிடக்கு. அதன் பக்கத்தால் ஓடினால் மணலில் விழுற நிழல்கூடத் தெரியுது. இங்கேயோ திரையில் பாதி கறுப்பு, மிச்சம் புழுதி. 455க்கு மாற்றினேன், வேகத்தை மணிக்கு 3 கடல் மைலாகக் குறைச்சன், அலை அடங்கின விடியலிலயும் ஓடிப் பார்த்தன். பலனில்லை.

சோனாரைத் தரைக்கு 10 மீட்டர் மேலே கொண்டுபோகாமல் இது சரிவராது என்றுதான் நினைக்கிறன். இரண்டு பேர் கையால் இறக்கி ஏற்றக்கூடிய டோஃபிஷ் (படகுக்குப் பின்னால் கேபிளில் கட்டி நீருக்குள் இழுக்கிற சோனார்) எந்த மாடல், எத்தனை மீட்டர் கேபிளோட வாங்கலாம்?