கல்யாண மேடையா, சொந்தப் பாட்டா? நம்ம சுங்கை சிப்புட் ராக் பையன்கள்

கிட்டார்_ரசிகன்:
மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட் பையன்கள் நாலு பேர் தமிழில் ராக் வாசிக்கிறார்கள். அண்மையில் ஈப்போவில் ஒரு சின்ன மேடை. பாடியது எல்லாமே சொந்தப் பாட்டு. ஒருத்தரும் எழுந்து போகவில்லை. இப்போது கல்யாண விருந்துகளுக்குச் சினிமாப் பாட்டு வாசிக்கக் கூப்பிடுகிறார்கள். போகவே கூடாது என்கிறேன். ஆர்க்டிக் மங்கீஸ் என்ற ராக் குழு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்து வந்தவர்கள். சொந்தப் பாட்டை சிடியில் பதிந்து மேடைக்கு முன் நின்றவர்களிடம் இலவசமாகக் கொடுத்தார்கள். ரசிகர்களே அதை இணையத்தில் பரப்பினார்கள். 2006 ஜனவரியில் முதல் ஆல்பம் வந்தபோது ஒரே வாரத்தில் 3,60,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. தலைநகரம் லண்டன் அவர்களைத் தேடி வந்தது.

தோட்டத்து_அண்ணன்:
தம்பி, ஷெஃபீல்ட் கதை நல்ல கதைதான். ஆனால் இந்தப் பையன்களின் வீட்டில் அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். நாட்டில் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). கிட்டார் சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப் யார் வாங்குவது? ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டை வருடத்துக்கு 1,000 தடவையாவது கேட்டால்தான் காசு, அதுவும் சில்லறைதான். கல்யாணத்தில் ஒரு ராத்திரி வாசித்தால் ரெக்கார்டிங் செலவில் ஒரு பங்கு தேறும். பீட்டில்ஸ் 1960 முதல் 1962 வரை ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்புகளில் ராத்திரி முழுக்க வாசித்தது பெரும்பாலும் அடுத்தவர் பாட்டு. கையும் குரலும் அங்கேதான் பழகின.

கிட்டார்_ரசிகன்:
அண்ணே, ஹாம்பர்க்கில் கேட்டவர்கள் ராக் கேட்க வந்தவர்கள். நம்ம ஊர் விருந்தில் சாப்பாடு பரிமாறும்போது பின்னால் சத்தம் இருந்தால் போதும். அங்கே எந்தக் கை பழகும்?

ஈப்போ_தங்கச்சி:
இரண்டு பேரும் மொழியை விட்டுவிட்டீர்களே. இந்த நாட்டில் இந்தியர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர், அதில் ராக் கேட்பவர்கள் எத்தனை? அலிகேட்ஸ் இசைக்குழுவை நடத்தியவர்கள் பினாங்குத் தமிழ் அண்ணன் தம்பிகள். மலாயில் பாடித்தான் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தார்கள். இவர்களும் இரண்டு பாட்டு மலாயில் பாடட்டும்.

பால்மரக்காடு:
தங்கச்சி, நம்ம நாட்டு ராப் பாடகர் யோகி பி-யையும் பாருங்கள். பொயட்டிக் அம்மோ குழுவில் இருந்தபோது ஆங்கிலம், மலாய், தமிழ் என்று பல மொழி கலந்துதான் பாடினார்கள். 2006-இல் முழுத் தமிழில் ஆல்பம் போட்டார், பெயர் தமிழ்நாடு வரை போனது. மலாயில் பாடினால் அந்தக் கூட்டத்தில் இவர்கள் நூற்றில் ஒருவர். தமிழில் தோட்டத்து ராக் பாட வேறு யார் இருக்கிறார்கள்?

உறுமிக்காரன்:
நான் கோயில் உறுமி மேளத்தில் வாசிக்கிறவன். பையன்கள் என்னைக் கூப்பிட்டார்கள், போய் வாசித்தேன். வளைந்த குச்சியால் இடது முகத்தைத் தேய்க்கும்போது வருகிற அந்த உறுமல் இருக்கிறதே, அது பேஸ் கிட்டாரோடு மோதுகிறது. இரண்டும் கீழ்ச் சத்தம், ஒன்றாகக் கலந்தால் சேறு மாதிரி ஆகிவிடும். பேஸ் வாசிக்கிற தம்பி என்ன செய்தான் தெரியுமா? நான் தேய்க்கிற இடத்தில் கையை எடுத்துவிட்டான், நான் அடிக்கிற இடத்தில் உள்ளே வந்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாதியில் எனக்கே புல்லரித்துவிட்டது. அந்தப் பாட்டை விருந்து மேடையில் வாசிக்க விடமாட்டார்கள் லா.

தோட்டத்து_அண்ணன்:
கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் அதை உருப்படியாகப் பதிய ஸ்டுடியோ வாடகை வேண்டும். மாதம் ஒரே ஒரு கல்யாணம், அந்தக் காசு பாட்டுக்கு மட்டும். இதில் என்ன தப்பு?

கிட்டார்_ரசிகன்:
ஒன்று என்று ஆரம்பித்து, தீபாவளி சமயத்தில் வாரத்துக்கு மூன்று என்று ஆகும். எழுதுவது அப்படியே நின்றுவிடும். வேண்டுமானால் நாமே காசு சேர்ப்போம். இங்கே இருப்பவர்கள் ஆளுக்கு 20 வெள்ளி போட்டால் உறுமிப் பாட்டு ஒன்றைப் பதிந்துவிடலாம்.

தோட்டத்து_அண்ணன்:
நான் 50 போடுகிறேன். கல்யாண விஷயத்தில் என் பேச்சு மாறாது.

ஈப்போ_தங்கச்சி:
நானும் தருகிறேன். மலாய்ப் பாட்டு பற்றி அவர்களிடமே கேட்கப் போகிறேன்.