43 டிகிரி: எங்கள் டார்நீட் தெருக் குழு (மெல்போர்ன், ஆஸ்திரேலியா)

புதன், மாலை 5 மணி

செல்வி: எல்லோருக்கும் வணக்கம். நாளைக்கு நம் சென்ட்ரல் மாவட்டத்துக்கு டோட்டல் ஃபயர் பேன், அதாவது வெளியே தீ மூட்டத் தடை, அறிவித்துவிட்டார்கள். 43 டிகிரி, காலையிலிருந்தே வடக்குக் காற்று. அதனால் குகன் அண்ணா வீட்டுப் பின்பக்கத்தில் செங்கல் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பது நாளைக்கு முடியாது.

சேகர் மாமா: அம்மா செல்வி, முரளியின் அப்பா எழுதுகிறேன். மூன்று செங்கல், நாலு விறகு. அரை மணி நேர வேலை. பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டால் போதாதா? வேலூரில் 43 எல்லாம் நாங்கள் வருஷா வருஷம் பார்க்கிற வெயில்தானே.

குகன்: ஐயா, உங்களுக்கு வெயில் புதிதில்லை. இங்கே பயம் காற்றுக்குத்தான். கண்டத்தின் நடுவே இருக்கிற பாலைவனத்துப் பக்கமிருந்து வருகிற காற்று, ஒரு சொட்டு ஈரம் இருக்காது. எங்கள் வளவு வேலிக்கு அந்தப் பக்கம் மெல்டன் வரைக்கும் காய்ந்த புல்வெளி. புல்லில் பிடித்த தீ மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும். இரண்டு வாளித் தண்ணீர் என்ன செய்யும்? ஒரு பொறி பறந்தால் போதும்.

சேகர் மாமா: அவ்வளவு வேகமா? அதை நான் யோசிக்கவில்லை தம்பி. சரி, விறகு வேண்டாம்.

முரளி: கேஸ் அடுப்பை வெளியே வைக்கலாமா அண்ணா?

குகன்: கடையில் வாங்கின கேஸ் பார்பிக்யூவுக்குத் தடை இல்லை. ஆனால் சுற்றி 3 மீட்டருக்குப் பற்றக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது, பக்கத்தில் 10 லிட்டர் தண்ணீராவது அல்லது குழாயோடு இணைத்த ஹோஸ் வேண்டும், பெரியவர் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். அந்தக் காற்றில் எதற்கு இந்தச் சிரமம்? வீட்டுக்குள் சமைக்க ஒரு தடையும் இல்லை.

செல்வி: அப்படியென்றால் விடிவதற்குள் அவரவர் வீட்டு அடுப்பில் பொங்கல். சூரியனுக்குக் கிழக்கு ஜன்னலில் படைத்துவிடுங்கள். ஒன்றுகூடலைச் சனிக்கிழமைக்குத் தள்ளலாம். பார்க்கில் கவுன்சில் வைத்திருக்கிற எலெக்ட்ரிக் பார்பிக்யூ பக்கம் நிழல் இருக்கிறது.

ராஜி: நல்ல யோசனை அக்கா. கரும்பு எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, ஈரச் சாக்கு சுற்றி வைத்திருக்கிறேன்.

பிரகாஷ்: நாளைக்கு வீட்டைக் குளிர்ச்சியாக வைக்க ஒரே வழிதான். காலை 8 மணிக்குள் ஜன்னல், பிளைண்ட் எல்லாவற்றையும் மூடுங்கள், முக்கியமாக மேற்குப் பக்கம். நம் எஸ்டேட்டில் பாதி வீடுகளுக்குக் கறுப்புக் கூரை, ஜன்னலுக்கு மேலே தாழ்வாரமும் இல்லை. வெயில் கண்ணாடியில் பட்ட பிறகு உள்ளே திரை போடுவதைவிட, வெளியே ஒரு ஷேட் துணியோ பழைய பெட்ஷீட்டோ கட்டினால் பலன் அதிகம். சோலார் இருக்கிறவர்கள் பகலிலேயே ஏசியை ஓடவிட்டு வீட்டைக் குளிர்வித்து வைத்துவிடுங்கள். சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் போடும்போதுதான் கிரிட் திணறும்.

முரளி: எங்களுக்குக் கூரைமேல் இருக்கிற எவாப்பரேட்டிவ் கூலர். அதற்கும் ஜன்னலை மூடிவிட வேண்டுமா?

பிரகாஷ்: இல்லை தம்பி, அது வேறு சங்கதி. ஈரப் பஞ்சு வழியாகக் காற்றை இழுத்து உள்ளே தள்ளுகிற கருவி. அந்தக் காற்று வெளியேற நிழல் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மூடினால் வீடு புழுங்கிப்போகும். ஆனால் வெளியே புகை வந்தால் நிறுத்திவிட வேண்டும், புகையையும் சேர்த்து இழுத்துவிடும்.

வசந்தி: எங்களுக்கும் அதே கூலர்தான். அத்தை நாளைக்குத் தனியாக இருப்பார்கள். எனக்கும் இவருக்கும் சிட்டியில் வேலை. எல்லாம் சொல்லி வைக்கிறேன்.

கவிதா: பெரியவர்கள் இருக்கிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. இந்த வெயிலில் வியர்வை அப்படியே காய்ந்துவிடும், சட்டை நனையாது. அதனால் உடம்பில் தண்ணீர் குறைவது தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் மோரோ தண்ணீரோ மணிக்கு ஒரு தம்ளர் கையில் கொடுங்கள். இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவர்கள், தண்ணீர் இவ்வளவுதான் என்று டாக்டர் அளவு சொன்னவர்கள், இன்றைக்கே ஜிபிக்கு, உங்கள் குடும்ப டாக்டருக்கு, ஒரு போன் போட்டுக் கேளுங்கள். தாமாக மாத்திரையை நிறுத்தக்கூடாது.

வியாழன், காலை 6:30

செல்வி: பொங்கலோ பொங்கல்! எங்கள் வீட்டில் இன்டக்‌ஷன் அடுப்பில்தான் பால் பொங்கியது. பாத்திரத்துக்கு மஞ்சள் கொத்து கட்டிவிட்டேன். ஆறு மணிக்கே வெளியே 29.

குகன்: பொங்கல் வாழ்த்துகள். வீட்டுக்கு வீடு புகைப்படம் போடுங்கோ.

சேகர் மாமா: எங்கள் வீட்டிலும் ஆயிற்று. வாசலில் கோலம் போட்டாள் மருமகள், காற்று பாதி மாவை அள்ளிக்கொண்டு போய்விட்டது. செல்வி அம்மா, நீ சொன்னது சரிதான், இந்தக் காற்றில் விறகு மூட்டியிருக்கக் கூடாது.

ராஜி: கறிவேப்பிலைத் தொட்டிகளை இப்போதே கிழக்குச் சுவரோரம் நகர்த்துங்கள். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய செடி, ஒரே மத்தியானத்தில் கருகிவிடும். தண்ணீர் இப்போது ஊற்றுங்கள். ட்ரிக்கர் மாட்டிய ஹோஸ் என்றால் எந்த நேரமும் பிடிக்கலாம். ஸ்பிரிங்க்ளர் மாலை 6 முதல் காலை 10 வரை மட்டும்.

ராஜி: இன்னொன்று. எங்கள் வேலிமேல் மேக்பைப் பறவைகள் அலகைத் திறந்தபடி, இறக்கையை உடம்பை விட்டு விலக்கி நிற்கின்றன. ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள், சின்னப் பறவைகள் மூழ்காமல் ஏறி நிற்க நடுவில் ஒரு கல் போடுங்கள்.

காலை 10:15

முரளி: பையன் பார்க்குக்குப் போக வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். விடுமுறையில் எப்படித்தான் வீட்டிலேயே வைத்திருப்பது?

செல்வி: வேண்டாம் முரளி. இப்போதே 36. யூவி (புற ஊதாக் கதிர்) அளவு 3ஐத் தாண்டினாலே தொப்பியும் சன்ஸ்கிரீனும் வேண்டும் என்பார்கள், ஜனவரி மத்தியானத்தில் 12 வரை போகும். சறுக்குமரத்தில் உட்கார்ந்தால் தொடை வெந்துவிடும். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள். லைப்ரரிக்குக் கூட்டிப் போங்கள், ஏசி இருக்கிறது, உட்கார இடமும் இருக்கிறது.

முரளி: சரி அக்கா. காரில் போய்விட்டு வருகிறோம்.

கவிதா: ஏறுமுன் கார் கதவுகளைத் திறந்து வெப்பத்தை வெளியேற்றுங்கள். சீட்பெல்ட் கொக்கியை நீங்கள் தொட்டுப் பார்த்துவிட்டுப் பையனுக்கு மாட்டுங்கள். பெட்ரோல் போட இறங்கினாலும் அவனையும் இறக்கிக்கொள்ளுங்கள், ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக்கூடாது.

மதியம் 1:40

வசந்தி: யாராவது வீட்டில் இருக்கிறீர்களா? அத்தை போனை எடுக்கவில்லை. பதினொரு மணிக்குப் பேசினேன், நன்றாகத்தான் இருந்தார்கள். தூங்குகிறார்களோ என்று விட்டேன். இப்போது திரும்பத் திரும்ப அடிக்கிறேன், பதில் இல்லை.

ராஜி: நான் இருக்கிறேன். போகிறேன்.

வசந்தி: கராஜ் கதவைத் திறக்கிற நம்பரைத் தனியாக அனுப்பியிருக்கிறேன் ராஜி. உள்ளே போய்விடு.

ராஜி: உள்ளே வந்துவிட்டேன். கூலர் நின்றிருக்கிறது. பின்கதவு திறந்து கிடக்கிறது, காற்று அப்படியே உள்ளே அடிக்கிறது. அம்மா சோபாவில் சாய்ந்திருக்கிறார்கள். என்னைப் பார்த்து வேறு யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். உடம்பு கொதிக்கிறது.

கவிதா: ராஜி, உடனே அவசர எண் 000க்குப் போன் போட்டு ஆம்புலன்ஸ் கேள். பேச்சு குழம்பினால் அது வெறும் களைப்பு இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையைப் பார்.

கவிதா: கதவை மூடி, நிழல் பக்கத்து ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்து, கூலரைப் போட்டு, இருக்கிற மின்விசிறியையும் வை. புடவையைத் தளர்த்து. பெட்ஷீட்டை நனைத்துப் போர்த்தி அதன்மேல் காற்றுப் படும்படி செய். ஐஸ் பொட்டலத்தைத் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வை. வாயில் தண்ணீர் ஊற்றாதே, புரையேறும். பனடோலும் வேண்டாம், இந்தச் சூட்டை அது இறக்காது.

வசந்தி: ஆம்புலன்ஸா? அத்தைக்கு விசிட்டர் விசா, மெடிகேர் என்கிற அரசாங்க மருத்துவக் காப்பீடு கிடையாது. நான் ரயிலில் ஏறிவிட்டேன், ஆனால் தண்டவாளச் சூட்டுக்கு மெதுவாகப் போகிறது.

கவிதா: வசந்தி, காசை அப்புறம் பார்ப்போம். டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறாய் அல்லவா? தாளைத் தேடி எடுத்து வை, அது போதும்.

குகன்: நான் ராஜியிடம் போகிறேன். வாசலில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்டுகிறேன். வசந்தி, ஸ்டேஷனில் முரளி காரோடு நிற்பார், நீ பஸ் தேடாதே.

முரளி: கிளம்பிவிட்டேன் அக்கா. பையன் என் அப்பாவோடு லைப்ரரியில் இருக்கிறான்.

மதியம் 2:25

குகன்: வந்துவிட்டார்கள். ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள், ராஜி கூடப் போகிறாள். ஈரத் துணி போட்டது நல்லது என்று பாராமெடிக் பெண் சொன்னார். அம்மா கண் திறந்து ராஜி கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

மாலை 5:50

வசந்தி: அத்தைக்கு டிரிப் ஏறுகிறது. தெளிவாகப் பேசுகிறார்கள். இரவு இங்கேயே வைத்துப் பார்ப்பார்களாம். ஏன் கூலரை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். “ஒரு ஆளுக்கு எதற்கம்மா முழு வீட்டுக்கும் கரண்ட்” என்கிறார்கள். கதவைத் திறந்தால் ஊரில் வருகிற மாதிரி காற்று வரும் என்று நினைத்திருக்கிறார்கள். ராஜி, கவிதா, குகன் அண்ணா, முரளி, உங்களுக்கு எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை.

ராஜி: ஒன்றும் சொல்ல வேண்டாம் வசந்தி. நீ சாப்பிட்டாயா? குகன் அண்ணா வீட்டிலிருந்து வெண்பொங்கல் கொண்டு வருகிறோம்.

சேகர் மாமா: எங்கள் தலைமுறைக்கு இந்தக் கரண்ட் பில் பயம் போகாது தாயி. நானே மத்தியானம் கூலரை அணைக்கலாமா என்று யோசித்தேன். பிள்ளைகள் எங்களிடம் “போடுங்கள்” என்று சொன்னால் மட்டும் போதாது. ரிமோட்டைக் கையில் வாங்கிப் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பிரகாஷ்: ஜீலாங்கில் காற்று திரும்பிவிட்டது. 41லிருந்து 26க்கு இறங்கிவிட்டது. நமக்கு ஒரு மணி நேரத்துக்குள் கூல் சேஞ்ச், அதாவது குளிர்ந்த காற்று மாற்றம், வந்துவிடும். தென்மேற்குக் காற்று முகத்தில் பட்டதும் எல்லாக் கதவையும் திறந்துவிடுங்கள்.

குகன்: காற்று திரும்புகிற நேரம்தான் தீக்கு மோசமான நேரம். நீளமாக ஓடிக்கொண்டிருக்கிற தீயின் பக்கவாட்டு முழுதும் புதிய முகப்பாகிவிடும். 2009 பிப்ரவரி 7இல் நம் விக்டோரியா மாநிலத்தில் எரிந்த காட்டுத்தீயில் அப்படித்தான் ஆயிற்று. அன்றைக்கு மெல்போர்ன் 46.4. தீ எச்சரிக்கை வருகிற விக்எமர்ஜென்சி ஆப்பை இரவு வரை பார்த்துக்கொண்டிருங்கோ.

செல்வி: நீங்கள் அப்போதே இங்கே இருந்தீர்களா அண்ணா?

குகன்: இருந்தேன். அந்தத் தீயில் 173 பேர் போனார்கள், அதை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தின வாரம் மூன்று நாள் தொடர்ந்து 43க்கு மேல் அடித்தது. அந்த வெக்கை வாரத்தில் விக்டோரியாவில் வழக்கத்தைவிட 374 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பிற்பாடு அரசாங்கக் கணக்கு வந்தது. தீயில் போனவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பாலோர் 75 வயதைத் தாண்டியவர்கள். தீ வந்தால் சைரன் கேட்கும், புகை தெரியும். வீட்டுக்குள் சூட்டில் மயங்கிக் கிடப்பவர் வெளியே யாருக்கும் தெரியமாட்டார். இன்றைக்கு ராஜி அரை மணி நேரம் தாமதித்திருந்தால் என்று நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

கவிதா: அதனால்தான் சொல்கிறேன், இனிமேல் 38க்கு மேல் போகிற நாளில் போன் மட்டும் போதாது. குழம்பின ஆளும் போனில் “நல்லா இருக்கேன்” என்றுதான் சொல்வார். யாராவது ஒருவர் வீட்டுக்குள் போய்க் கண்ணால் பார்க்க வேண்டும், பதினொரு மணிக்கு ஒருதடவை, மூன்று மணிக்கு ஒருதடவை.

செல்வி: நம் தெருவில் பகலில் பெரியவர்கள் தனியாக இருக்கிற வீடுகள் எவை என்று எனக்குத் தனியாக அனுப்புங்கள், ஒரு பட்டியல் போடுகிறேன். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் ஆளுக்கு ஒரு வீடு எடுத்துக்கொள்ளலாம். 14ஆம் எண்ணில் இருக்கிற இத்தாலியப் பாட்டியையும் சேர்க்கிறேன், அவர் மகன் குயின்ஸ்லாந்தில் இருக்கிறார்.

முரளி: அந்தப் பாட்டி வீடு எங்களுக்கு எதிரே. அப்பா போய்ப் பார்ப்பார்.

சேகர் மாமா: கட்டாயம் போகிறேன். எனக்கு அவர் பாஷை தெரியாது, மோர் கொண்டு போனால் குடிப்பார் அல்லவா?

செல்வி: குடிப்பார் மாமா, உப்பு மட்டும் குறைவாகப் போடுங்கள்.

வசந்தி: எங்கள் வீட்டுச் சாவி ஒன்று ராஜியிடம் நிரந்தரமாக இருக்கட்டும். அத்தையிடம் சொல்லிவிட்டேன், சரி என்றுவிட்டார்கள்.